படலைக்கு உள்ளே ஒரு வரலாறு

மட்டக்களப்பின் வரலாற்றைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலில் தொடங்குவார்கள். இல்லையேல் கோட்டையில் தொடங்குவார்கள். வன்னிமைகள், குடிகள், கல்வெட்டுகள், கூத்து என்று அந்தப் பேச்சு விரிந்துகொண்டு போகும். எப்.எக்ஸ்.சி. நடராஜா அவர்கள் 1962-இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி.சீ. கந்தையா அவர்கள் 1964-இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகியவை அந்த வழியில் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வங்கள். அவற்றைப் படித்து வளர்ந்தவன் நான். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கோயிலுமன்று, கோட்டையுமன்று. வீட்டுக்குள் உப்புச்சட்டி எங்கே இருந்தது, உறி எந்த உயரத்தில் தொங்கியது, அடுப்பு நிலத்தில் இருந்ததா மேடையில் இருந்ததா, கிணற்றடிக்குப் போக எத்தனை படி இறங்க வேண்டியிருந்தது என்பவையே இன்றைய பொருள்.

இதுவும் ஒரு வரலாறா என்று சிலர் கேட்கக்கூடும். கண் தெரியாதவர், காலை இழந்தவர், முழங்கால் மடங்காத முதியவர், மறதி நோய் கண்டவர் ஆகியோரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய ஒரு நாளை நடத்துவது அரசாங்கமன்று, வீட்டின் ஒழுங்கு. பாத்திரம் கை எட்டும் இடத்தில் இருந்தால் அவர் வீட்டுக்காரர். எட்டாத இடத்தில் இருந்தால், தம் சொந்த வீட்டிலேயே அவர் விருந்தாளி.

முதலில் நம் இலக்கியத்தைப் பார்ப்போம். தமிழ் இலக்கியத்தில் பார்வையற்றோரும் கால் இயலாதோரும் இல்லாமல் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் இருந்துகொண்டு, கண் காணாதவர்களையும், காது கேளாதவர்களையும், கால் முடமானவர்களையும், பிணியாளர்களையும், ஆதரவற்றவர்களையும் அழைத்து உணவளிக்கிறான். இரட்டைப் புலவர்களை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவருக்குக் கண்ணில்லை, மற்றவருக்குக் காலில்லை. கண்ணில்லாதவர் சுமக்க, காலில்லாதவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது மரபுக் கதை. அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் பிறவிக் குருடர். அவரும் கொடையாளரை நாடி நெடும்பயணம் செய்தவர் என்றே சொல்லப்படுகிறார்.

இந்த மூன்று செய்திகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒருவர் அம்பலத்தில் இருக்கிறார். மற்றவர்கள் தெருவில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் யாரும் இல்லை. இலக்கியம் இவர்களைப் பெரும்பாலும் ஏற்பவர்களாகவே கண்டது. கொடுப்பவர்களாக, விருந்தோம்புகிறவர்களாகக் காணவில்லை. திருவள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரைச் சொல்லும்போது, இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரோடு ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்துச் சொல்கிறார். தன்னைத் தானே பேணிக்கொண்டு, வந்தவரையும் பேணுகிற அந்த இடம் உடல் இயலாத ஒருவருக்குக் கிடைக்க வேண்டுமானால், அம்பலம் போதாது. வீடு அவருக்கேற்ப அமைய வேண்டும். இன்றைய உரையின் கேள்வி இதுதான்: நம் வாவிக்கரை வீடுகள் யாருடைய உடலை மனத்தில் வைத்து ஒழுங்கு செய்யப்பட்டன?

ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான நம் வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பழைய குடிமனைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. களிமண் சுவர், கிடுகுக் கூரை, சாணமிட்டு மெழுகிய தரை, முன்னால் ஒரு திண்ணை, உள்ளே அறை, புறம்பாக அடுக்களை, சுற்றிலும் வளவு, வளவுக்கு வேலி, வேலிக்கு ஒரு படலை. இந்த வீட்டின் வாழ்க்கை முழுவதும் தரை மட்டத்தில் நடந்தது. பன்பாயில் படுத்தார்கள், சிறு பலகையில் இருந்து உண்டார்கள். அடுப்பு தரையில் இருந்தது. அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை, தேங்காய் துருவும் திருவலை ஆகிய எல்லாமே இருந்துகொண்டு வேலை செய்வதற்கான பொருள்கள். நின்று செய்ய வேண்டிய வேலைகள் உலக்கை பிடிப்பதும், துலாவில் நீர் அள்ளுவதும் போன்ற சிலவே.

இந்தத் தரை வாழ்க்கையால் யாருக்கு நன்மை விளைந்தது என்பதை இளம்பிள்ளைவாதம் கண்ட தலைமுறையிடம் கேட்க வேண்டும். 1962-இலும் 1968-இலும் அந்த நோய் இலங்கையில் பெருமளவில் பரவியது. சொட்டு மருந்து வந்து, 1993-இல் பதிவான நோயாளிக்குப் பிறகு நாட்டில் அந்த நோய் இல்லை. ஆனால், அதற்கு முன் கால் சூம்பிப்போன குழந்தைகளிற் பலர் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களிற் பலர் சக்கர நாற்காலியைக் காணாமலே வளர்ந்தார்கள். மெழுகிய தரையில் கையூன்றி நகர்ந்து, அடுப்படிக்குப் போய், உலை வைத்து, கறி காய்ச்சி, பாய் பின்னி வாழ்ந்தார்கள். வீடு தரையில் இருந்தது. அவர்களும் தரையில் இருந்தார்கள். இருவருக்கும் இடையில் தூரம் இருக்கவில்லை.

இரண்டாவதாக, வீட்டின் உரிமை. மட்டக்களப்பு மரபில் வீடு மகளுக்கு உரியது. மணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். தமிழரிடமும், காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. பழைய முக்குவர் சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூல் எழுதியது 1876-இல்; அதே ஆண்டில் வந்த வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்தப் பழைய முறை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. ஆனால் சட்டம் போன பின்னும் வழக்கம் சீதன வீட்டின் வடிவில் நிலைத்து நின்றது. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு. மூத்த மகள் குடும்பமாகும்போது, பெற்றோர் அவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் அல்லது பக்கத்தில் வேறொரு சிறு வீட்டுக்கு மாறுவார்கள். அடுத்த மகளுக்கும் அப்படியே. ஆகவே முதுமை என்பது இந்த மரபில் எதிர்பாராமல் வருகிற ஒன்றல்ல; வீட்டமைப்புக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மகள் இருப்பாள். தாய் தன் அடுப்பைத் தனக்கேற்ற இடத்தில் புதிதாகப் போட்டுக்கொள்வாள். களிமண் அடுப்பை இடம் மாற்ற ஒரு காலைப் பொழுது போதும். வீட்டை யார் ஆள்கிறாரோ, அவரே அதன் ஒழுங்கையும் தீர்மானித்தார் என்பது இதன் பொருள்.

பழமையைப் போற்றிப் பாடி இங்கே நிறுத்திவிட முடியாது. அந்த வீட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். அடுக்களைப் புகையில் நம் தாய்மாரின் கண்ணும் நெஞ்சும் கெட்டன. வீட்டோடு மலசலகூடம் இருக்கவில்லை; இருட்டில் வளவின் கோடிக்கோ வெளிக்கோ போக வேண்டும். நடக்க இயலாத பெண்ணுக்கு அது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழைக் காலத்தில் தரை ஈரம் மேலே ஏறும். பாம்பும் பூரானும் தரையில் இருப்பவரைத்தான் முதலில் தீண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பிறர் கண்ணில் படாமல் பின்னறையில் வைத்திருந்த வீடுகளும் உண்டு. தரை மட்டத்து வீடு உடலுக்கு இடம் கொடுத்தது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிய மனம் அந்த இடத்தைப் பல வேளைகளில் மறித்துக்கொண்டது.

இந்த வீட்டை மாற்றியவை இயற்கையும் போரும். 1957 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. 1978 நவம்பர் 23-ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. கிடுகுக் கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் வீடு என்றால் கல்வீடு என்ற எண்ணம் உறுதிப்பட்டது. வெள்ளத்துக்கு அஞ்சி அத்திவாரம் உயர்ந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் அந்த உயரம் தேவையில்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அத்திவாரம் உயர உயர வாசலில் படிகள் கூடின. வெள்ளத்தைத் தடுத்த அதே படி, கால் இயலாதவரையும் தடுத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

வீட்டின் உள்ளே நடந்த மாற்றம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. நம் பாடசாலைகளில் மனைப்பொருளியல் என்றொரு பாடம் உண்டு. அதன் சமையலறைப் படங்களில் ஒரு பெண் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். அந்தப் படத்துக்கு ஒரு முன்வரலாறு இருக்கிறது. 1926-இல் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே சூட்டே-லிகொட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் ஒரு சிறு சமையலறையை வடிவமைத்தார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பொருள்களை அடுக்கிய சமையலறை அது. சுழலும் ஒரு சிறு இருக்கையும் அதில் இருந்தது; இருந்துகொண்டு காய்கறி வெட்டலாம். அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் அம்மையார் வீட்டு வேலைகளின் அசைவுகளை ஆராய்ந்து, 1940களில் இதய நோய் கண்ட பெண்களுக்கென்றே ஒரு சமையலறையை அமைத்துக் காட்டினார். எட்டிப் பிடிக்காமல், குனியாமல், இருந்துகொண்டே சமைப்பது அதன் நோக்கம்.

மேலை நாட்டவர்கள் அளந்து ஆராய்ந்து, இருந்து வேலை செய்வதே இயலாத உடலுக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்த பின்னர்தான், நாம் இருந்து வேலை செய்வதை நாகரிகமற்றது என்று கருதத் தொடங்கினோம். அவர்களுடைய மேடை நமக்கு வந்து சேர்ந்தது; அந்தச் சுழலும் இருக்கை வந்து சேரவில்லை.

பின்னாளில் அங்கு இந்தச் சிந்தனை மேலும் வளர்ந்தது. பிரித்தானியக் கட்டிடக் கலைஞர் செல்வின் கோல்ட்ஸ்மித் 1963-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமைப்பைப் பற்றி நூல் எழுதினார். அமெரிக்கரான ரொனால்ட் மேஸ் 1985-இல், தனியாகச் சிலருக்கு என்று கட்டாமல் எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாகவே தொடக்கத்தில் கட்ட வேண்டும் என்று எழுதி, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். இவ்விருவருமே இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள். தம் உடலின் தேவையை அறிந்தவர்களே இத்துறையில் வழி காட்டினார்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இங்கே கை கால்களை இழந்தவர்களையும், பார்வையை இழந்தவர்களையும், கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களையும் விட்டுச் சென்றது. 2007-இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். அதற்கு முன்னரே, 2004 டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் மணல்திட்டாகக் கிடக்கும் நாவலடியில் வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. அந்த மக்களிற் பலர் வாவிக்கு இப்பால் திராய்மடுவில் குடியேற்றப்பட்டார்கள். கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. கிழக்கில் அது 200 மீற்றர். நிரந்தர வீட்டுக்குக் குறைந்தது 500 சதுர அடி என்று அளவு வகுக்கப்பட்டது.

அவசரத்தில் கட்டப்பட்ட வீடுகள் அவை. கட்டியவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். சக்கர நாற்காலி தானாக ஏறக்கூடிய சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வெள்ளத்துக்காக இரண்டடி உயர்த்திய வீட்டுக்கு இருபத்து நான்கு அடி நீளச் சாய்தளம் தேவை. 500 சதுர அடி வீடு சதுரமாக இருந்தால், அதன் ஒரு பக்கமே இருபத்திரண்டு அடிதான். வீட்டின் அகலத்தைவிட நீளமான வழி வேண்டும்! சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்புவதற்கு ஐந்தடி வெளி வேண்டும்; வளவின் மூலையில் கட்டப்படும் மலசலகூடம் மூன்றடிக்கு நான்கடி. உள்ளே போக முடிந்தாலும் திரும்ப முடியாது. அத்திவாரம் வெட்டும் நாளில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், வளவு மண்ணையே சிறிது சிறிதாக உயர்த்தி வழி அமைத்திருக்கலாம். கட்டி முடித்த பின் சுவரை உடைக்க வேண்டியதாகிறது.

இன்னொரு சிக்கலும் அப்போது எழுந்தது. வீட்டுக்கும் காணிக்கும் உறுதி எழுதுகையில் குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வி வந்தது. தாய்வழி உரிமை வழங்கும் ஊர்களிலேயே பல இடங்களில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் 2005-இல் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தது இதன் பொருட்டும்தான். 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசையில் ஆண்மக்களுக்கு இருந்த முன்னுரிமை 2022-இல் தான் திருத்தப்பட்டது. பெயர் யாருடையது என்பதற்கும் உப்புச்சட்டி எங்கே இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். தன் பெயரில் இல்லாத வீட்டில் ஒரு பெண் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் யோசிப்பாள். இறாக்கையைக் கீழே இறக்க வேண்டும், கதவை அகலமாக்க வேண்டும் என்று அவள் யாரிடம் சொல்வாள்?

நம் கல்லூரி மாணவர்களைக் கொண்டு வீட்டுப் பாவனைச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்த காலத்தில், படுவான்கரையில் ஒரு கிராமத்தில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவைச் சந்தித்தேன். சிறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் சூம்பியவர். போருக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடு. நல்ல சுவர், நல்ல ஓடு. சமையலறையில் சீமெந்து மேடை. அந்த மேடையின் மேல் அவர் பழைய துணிகளை அடுக்கி வைத்திருந்தார். அடுப்பு கீழே, நிலத்தில் இருந்தது. உப்பு, தூள், சீனிப் போத்தல்கள் எல்லாம் சுவரோரமாக ஒரு பலகையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வரிசையாக இருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்:

"மேசை நல்ல மேசைதான் மனே. ஆனா அது எனக்கில்ல, நிக்கிற ஆக்களுக்கு. எல்லாத்தையும் உசத்தி உசத்திக் கட்டிக் குடுத்திட்டுப் போனாங்க. நான் மறுகா ஒவ்வொண்டா இறக்கி எடுத்தன்."

எனக்கும் மாணவர்களுக்கும் தேநீர் போட்டுத் தந்தவர் அவர்தான். பிறகு கை நீட்டி, பக்கத்திலிருந்த வெற்றிலை வட்டாவை நம் முன் நகர்த்தி வைத்தார். மட்டக்களப்பில் வீட்டுக்கு வந்தவர் முன் வட்டாவை வைப்பது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு உரியவள் நான், நீங்கள் என் விருந்தினர் என்று சொல்வது அது. அந்த வட்டா உயரமான அலுமாரியில் இருந்திருந்தால், நம்மில் ஒருவர் எழுந்து எடுத்துத் தந்திருப்போம். அவர் விருந்தோம்பியவராக இருந்திருக்க மாட்டார்.

வீட்டை ஒழுங்கு செய்தல் என்பது பொருள்களை அழகாக அடுக்குவது என்றே நாம் எண்ணுகிறோம். உடல் தேவைகள் வேறுபடும்போது ஒழுங்கின் பொருளும் வேறுபடுகிறது. பார்வையற்றவருக்கு ஒழுங்கு என்பது வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பது. உதவி செய்வதாக எண்ணி ஒரு கதிரையை நகர்த்தி வைப்பவர், அவருக்குக் குழி வெட்டி வைப்பவராகிறார். காது கேளாதவருக்கு வாசலைப் பார்த்தபடி இருக்கும் இடமும், பேசுபவரின் முகத்தில் படும் வெளிச்சமும் ஒழுங்கு. கை நடுங்கும் முதியவருக்குச் சிறு பாத்திரங்களும் இருபுறமும் பிடியுள்ள கோப்பையும் ஒழுங்கு. மறதி கண்டவருக்கு மூடிய அலுமாரி துன்பம். கண்ணுக்குத் தெரியும் திறந்த இறாக்கை நல்லது. எழுத வாசிக்க இயலாத பிள்ளைக்குப் பெட்டியின் மேல் ஒட்டிய படம், அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும். ஒருவருக்கு நன்மையானது மற்றவருக்கு இடையூறாகலாம் என்பதால், அங்கே வாழ்பவரைக் கேட்காமல் செய்யும் எந்த ஒழுங்கும் ஒழுங்கல்ல.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996-இல் 28-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2006-இல் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வெளியாயின. 2011-இல் உயர் நீதிமன்றம், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டிடங்களில் அவை கட்டாயம் பின்பற்றப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. கலாநிதி அஜித் பெரேரா என்பவர், தாமே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, தொடுத்த வழக்கின் பயன் அது. ஆயின், இவை யாவும் வங்கிக்கும், வைத்தியசாலைக்கும், அலுவலகத்துக்கும் உரியவை. சட்டம் நம் வீட்டுப் படலை வரை வந்து நின்றுவிடுகிறது.

படலைக்கு உள்ளே வருகிற ஓர் ஆவணமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2007-இல் ஒப்பமிட்டு 2016-இல் ஏற்புறுதி செய்தது. அதன் பத்தொன்பதாம் உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தெரிவு செய்யும் உரிமையையும், அப்படி வாழ்வதற்கு வீட்டுக்குள்ளேயே கிடைக்க வேண்டிய உதவிச் சேவைகளையும் பற்றிப் பேசுகிறது. ஏட்டில் உள்ளதை வளவுக்குள் கொண்டுவருவது யார்?

அதற்கும் நம் நாட்டில் ஒரு வழி தொடங்கப்பட்டிருக்கிறது. 1978-இல் அல்மா-ஆட்டா நகரில் ஆரம்ப சுகாதாரம் பற்றிய பிரகடனம் வெளியான பின், உலக சுகாதார நிறுவனம் சமுதாயம் சார்ந்த புனர்வாழ்வு என்ற முறையை முன்வைத்தது. நோயாளரை நகரத்துக்கு அழைப்பதற்குப் பதிலாக, ஊரிலுள்ள தொண்டர் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தோடு இருந்து, அங்குள்ள பொருள்களைக் கொண்டே வசதி செய்வது அதன் அடிப்படை. மூங்கிலால் ஒரு கைப்பிடி, நடக்கப் பழக இரு கம்பு, குந்த இயலாதவருக்கு நடுவில் துளையிட்ட ஒரு கதிரை என்று அதன் கருவிகள் மிக எளியவை. பெரிய நகரங்களில் இன்று காசு கொடுத்தால் வீட்டை ஒழுங்கு செய்து தர நிறுவனங்கள் இருக்கின்றன. வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் அந்தச் சேவை இந்தத் தொண்டரின் சைக்கிளில்தான் வர முடியும். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரும், வைத்தியசாலையின் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

அதோடு இருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவர் ஊர் மேசன். சாய்தளத்தின் அளவும், கதவின் அகலமும், கைப்பிடியின் உயரமும் அவருடைய கைக்குத் தெரிந்துவிட்டால், திட்டம் வகுப்போர் மறந்தாலும் சுவர் சரியாக எழும். மற்றவர் மனைப்பொருளியல் ஆசிரியை. அவருடைய வகுப்பில், "உங்கள் வீட்டில் எழுந்து நிற்க இயலாத ஒருவர் இருக்கிறாரா? அவருக்குத் தேநீர் போட ஏற்ற ஓர் இடத்தை வரைக" என்று ஒரு பயிற்சி கொடுத்தால், அந்தப் பாடம் புத்தகத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும். செலவும் பெரிதல்ல. ஒரு பலகையைக் கீழே இறக்க இரண்டு ஆணி போதும். கேட்பதற்கு ஒரு நாவும், கேட்டதை ஏற்பதற்கு ஒரு மனமும் வேண்டும்.

நேயர்களே, தொல்பொருள் தேடுகிறவர்கள் மண்ணைத் தோண்டுகிறார்கள். நான் உங்களிடம் கேட்பது அதைவிட இலகுவானது. இன்று மாலை உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ இருக்கும் முதியவரிடமோ, உடல் இயலாதவரிடமோ போய் இருங்கள். பழைய வீட்டில் அவருடைய அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர்க்குடம் எங்கே இருந்தது, இன்றைய வீட்டில் எந்தப் பொருள் அவர் கைக்கு எட்டாமல் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது மட்டக்களப்பின் எழுதப்படாத வரலாறு. மூன்றாவதை எழுதி வைக்க வேண்டாம். அந்தப் பொருளை அப்போதே, அவர் சொல்லும் இடத்தில், இறக்கி வைத்துவிடுங்கள்.